'உதவி' என்கிற வேலை: மூளை, கை, பொறுப்பு குறித்துச் சில கேள்விகள்

ஆராய்ச்சித் திட்டங்களில் கம்ப்யூட்டர் ப்ரோக்ராம் எழுதுகிறவர்களுக்கு 'தொழில்நுட்ப உதவியாளர்' என்று பெயர். சில இடங்களில் 'ப்ராஜெக்ட் அசிஸ்டென்ட்'. எந்தப் பெயராக இருந்தாலும் 'உதவி' என்ற சொல் அதில் ஒட்டிக்கொண்டே வரும். மனித மனம் எப்படி அறிகிறது, எப்படிச் சொல்லை அடையாளம் காண்கிறது, எப்படி மறக்கிறது என்று ஆராய்கிற துறை காக்னிட்டிவ் சயின்ஸ். அதன் பங்காளி, செயற்கை அறிவு என்று இன்று ஊரெல்லாம் பேசப்படுகிற துறை. இந்த இரண்டிலும் ப்ரோக்ராம் இல்லாமல் ஓர் அடி எடுத்து வைக்க முடியாது. ஆனாலும் யோசிக்கிறவர் ஆய்வாளர், எழுதிக் கொடுக்கிறவன் உதவியாளன் என்ற பிரிவு மட்டும் கெட்டியாக நிற்கிறது. சிந்தனை எது என்று ஆராயப் புறப்பட்ட துறைக்குள்ளேயே யார் சிந்திக்கிறவர், யார் சிந்திக்காதவர் என்பது ஆராய்ச்சிக்கு முன்பே முடிவாகிவிடுகிறது.

நான் இங்கே கேட்க நினைப்பது பெயர் பற்றிய கேள்வி மட்டுமல்ல. அதைவிடச் சங்கடமான ஒன்று. ஒருவன் வெறும் 'கை' என்று சொல்லப்படுகிறபோது, அந்தக் கை செய்கிற காரியத்துக்கு அவன் பொறுப்பா? பெருமையில் பங்கில்லாதவனுக்குப் பழியில் பங்கு உண்டா? 'நான் கைதான், சொன்னதைச் செய்தேன்' என்று நாமே சொல்லித் தப்பித்துக்கொள்ளலாமா?

புதுச்சேரி ஆராய்ச்சிக்குப் பேர்போன ஊர். 1955இல் ஃபிரெஞ்சு இன்ஸ்டிட்யூட் இங்கே தொடங்கப்பட்டது. இங்குள்ள சைவ ஓலைச்சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஏறின. 1985இல் பல்கலைக்கழகம் வந்தது. நான் வேலை பார்த்த இடம் இவற்றில் எதுவும் இல்லை, அதன் பெயர் இங்கே வேண்டாம். பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளைக்காரத் தெருக்கள், மேற்கே தமிழர் தெருக்கள் என்று பிரிந்த ஊர் இது என்பது டூரிஸ்டுக்குக்கூடத் தெரியும். இரண்டு பக்கத்துக்கும் வெளியே சேரிகள் இருந்தன, இருக்கின்றன என்பது டூரிஸ்ட் வரைபடத்தில் இல்லை. நான் மூன்றாவதிலிருந்து முதலாவதுக்கு வேலைக்குப் போனவன்.

இந்த ஊரில் 'உதவி'க்கு ஒரு பழைய முன்மாதிரியும் உண்டு. துபாஷி. கவர்னருக்கும் ஊருக்கும் இடையில் நின்று இரண்டு மொழியில் பேசியவர். ஆனந்தரங்கப் பிள்ளை 1736லிருந்து 1761 வரை தமிழில் எழுதிய நாட்குறிப்பால் இன்று துய்ப்ளெக்ஸைப் பற்றிக்கூட அவர் கண் வழியாகத்தான் பார்க்கிறோம். இடையில் நிற்கிறவன் எழுதினால் சரித்திரம் மாறிப்போகிறது. ஆய்வாளருக்கும் மெஷினுக்கும் இடையில் நிற்கிற நானும் ஒரு வகைத் துபாஷிதான் என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வேன். ஆனால் பிள்ளையைப் பல்லக்கில் சுமந்தவர்கள் யாரும் நாட்குறிப்பு எழுதவில்லை என்பதையும் அப்போதே நினைத்துக்கொள்வேன்.

என்ன வேலை செய்தேன் என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இந்தப் பேச்சு அந்தரத்தில் நிற்கும்.

ஒரு சோதனை. திரையில் ஓர் எழுத்துச்சேர்க்கை தோன்றும். பார்க்கிறவர் அது சொல்லா, சொல் இல்லையா என்று தீர்மானித்து இரண்டு பொத்தானில் ஒன்றை அழுத்த வேண்டும். எத்தனை மில்லிசெகண்டில் அழுத்தினார், சரியாக அழுத்தினாரா என்று ப்ரோக்ராம் குறித்துக்கொள்ளும். 1970களிலிருந்து உலகம் முழுவதும் உளவியல்காரர்கள் செய்துவருகிற சோதனை இது. பழகிய சொல்லை வேகமாக அடையாளம் காண்போம், அரிதான சொல்லுக்குக் கொஞ்சம் தாமதமாகும். அந்த வித்தியாசம் பெரும்பாலும் சில பத்து மில்லிசெகண்டுகள்தான்.

இப்போது கை செய்கிற வேலையைப் பாருங்கள். சாதாரணத் திரை செகண்டுக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது, அதாவது 16.7 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை. அதற்கு நடுவில் சொல்லைக் 'காட்டு' என்று மெஷினுக்குச் சொன்னால், அது அடுத்த முறை வரைக்கும் காத்திருக்கும். விலை மலிந்த கீபோர்டு, அழுத்தியதைத் தெரிவிக்கப் பத்து, இருபது மில்லிசெகண்டு எடுத்துக்கொள்ளும். ஆக, அளக்கப்போகிற வித்தியாசமும் கருவியின் அசட்டையும் ஏறக்குறைய ஒரே அளவு. ப்ரோக்ராம் எழுதுகிறவனுக்கு இது தெரியாவிட்டால் 'மனித மனம்' பற்றிக் கண்டுபிடித்ததாக நினைப்பது கீபோர்டு பற்றிய கண்டுபிடிப்பாக முடியலாம்.

தமிழில் இன்னொரு சிக்கல். சொற்களை நீளம் ஒத்து அடுக்க வேண்டும். 'அக்கா' என்பது நமக்கு மூன்று எழுத்து. யுனிகோடு முறையில் மெஷின் அதை ஐந்தாக எண்ணும்: புள்ளியைத் தனியாக, காலைத் தனியாக. ஆங்கிலத்துக்கென்று எழுதப்பட்ட ப்ரோக்ராமை அப்படியே கொண்டுவந்து ஓட்டினால் 'அக்கா'வும் 'மரகதம்' என்பதும் நீளத்தில் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கும். இதைக் கண்டுபிடித்துத் திருத்துவது 'உதவி'. இப்படித் திருத்தாவிட்டால் ஆராய்ச்சி கிடையாது என்பது வேறு விஷயம்.

எங்கள் திட்டத்தில் இரண்டு கூட்டம் பேருக்குச் சோதனை. நகரத்துக் கல்லூரி மாணவர்கள் ஒரு கூட்டம். சுற்றுக் கிராமங்களில், குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவர்கள் இன்னொரு கூட்டம். படிப்பு சொல்லறிதலை எப்படி மாற்றுகிறது என்பது கேள்வி. 'சொல் இல்லாதவை' தயாரிக்க ஒரு ப்ரோக்ராம் வேறொரு திட்டத்திலிருந்து வந்திருந்தது. உண்மையான சொல்லின் ஓர் எழுத்தை மாற்றிப் போடும், அகராதியிலும் செய்தித்தாள் தொகுப்பிலும் தேடும், இரண்டிலும் இல்லையென்றால் 'பொருளற்றது' என்று முத்திரை குத்திப் பட்டியலில் சேர்க்கும். எனக்குக் கொடுத்த வேலை அந்தப் பட்டியலைத் திரையோடு இணைப்பது.

பட்டியலைப் படித்தேன். படிக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. 'கூடு' என்பதிலிருந்து முதலெழுத்து மாறி 'வூடு' வந்திருந்தது. 'மீது' என்பதிலிருந்து 'கீது'. இரண்டுக்கும் பக்கத்தில்: பொருளற்றது.

என் அம்மா வாழ்நாளில் 'வீடு' என்று சொன்னதே கிடையாது. வூடுதான். வூட்டுக்குப் போறேன், வூட்டாண்ட கீது, அவ்வளவுதான். முன்னோட்டச் சோதனைக்கு வந்த ஒரு அக்கா திரையில் 'வூடு' வந்ததும் 'சொல்' பொத்தானை அழுத்தினார். ப்ரோக்ராம் சிவப்பு காட்டியது. அவர் சிரித்துவிட்டு, "இது சொல்லு இல்லன்னா நாங்கல்லாம் எங்க போய்ப் படுக்கறது?" என்று கேட்டார்.

அந்தச் சிவப்பு ஓர் எண்ணாகும். எண்கள் கூட்டப்பட்டு ஒரு விழுக்காடாகும். விழுக்காடு ஒரு பட்டைப்படமாகும். 'முதல் தலைமுறைப் படிப்பாளிகள் சொல்லையும் சொல் அல்லாததையும் பிரித்தறிவதில் அதிகம் பிழை செய்கிறார்கள்' என்று ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் வரும். அதைப் படிக்கிற எவருக்கும் அந்தப் 'பிழை' யாருடைய வீட்டின் பெயர் என்று தெரியாது.

திட்டத்தின் பொறுப்பாளரிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். பொறுமையாகக் கேட்டார். பிறகு, வகரம் ஊகாரத்தோடு மொழிக்கு முதலில் வராது என்பது தொல்காப்பிய விதி, ஆகவே இது தமிழ்ச்சொல் அல்ல என்றார். விதி உண்மைதான். உ, ஊ, ஒ, ஓ நான்கோடும் சேர்ந்து வகரம் சொல்லுக்கு முதலில் வராது. இலக்கணப்படி எங்கள் வூடு தொடங்கவே முடியாது. "பேசறாங்களே சார்" என்றேன். "நீங்க கோடு மட்டும் பாருங்க. எந்தச் சொல் வைக்கறதுங்கறது எங்க வேலை" என்றார்.

சில நாள் கழித்து முடிவு வந்தது. இரண்டு சொற்களும் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டன. 'சொற்கள்' பட்டியலுக்கு அவற்றை மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை, நீக்கினார்கள். கடைசியில் கட்டுரை வந்தபோது 'சிக்கலான சில உருப்படிகள் நீக்கப்பட்டன' என்று ஒரு வரி இருந்தது. வூடு சொல்லும் இல்லை, சொல் அல்லாததும் இல்லை, உருப்படி. நன்றியுரையில் 'தொழில்நுட்ப உதவிக்கு நன்றி' என்றிருந்தது. யாருடைய உதவி என்று இல்லை.

அளக்கப்படுவது நமக்குப் புதிதல்ல. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் மனிதர்களின் தலையையும் மூக்கையும் இடுக்கிக் கருவியால் அளந்து அளந்து எழுதியவர். 1909இல் ஏழு தொகுதிகளாகத் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றிய நூலை வெளியிட்டார். கே. ரங்காச்சாரியின் 'உதவியுடன்' என்று அதன் தலைப்புப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே உதவியாளருக்குப் பெயர் உண்டு. அளக்கப்பட்டவர்களுக்குச் சாதிப் பெயர் உண்டு, சொந்தப் பெயர் கிடையாது. அந்த இடுக்கிக்கு இந்தப் பக்கத்தில் நம்மில் ஒருவர் உட்கார்ந்ததே இல்லை. இப்போது உட்கார்கிறோம், கருவியைத் துடைத்து ரிப்பேர் செய்கிறவர்களாக. அதனால்தான் கேள்வி புதிதாக வருகிறது.

மேற்கே பார்த்தாலும் கதை வேறாக இல்லை. செயற்கை அறிவின் முதல் ப்ரோக்ராம் என்று பலரும் சொல்வது 1956இல் உருவான லாஜிக் தியரிஸ்ட். ரஸ்ஸலும் ஒயிட்ஹெட்டும் எழுதிய பிரின்ஸிபியா மாதமேடிகாவின் இரண்டாம் அத்தியாயத்தில் முதல் 52 தேற்றங்களில் 38ஐ அது நிரூபித்தது. அதை ஆக்கியவர்கள் மூவர்: ஆலன் நியூவெல், ஹெர்பர்ட் சைமன், கிளிஃப் ஷா. ராண்ட் நிறுவனத்தின் ப்ரோக்ராமர் ஷா. யோசனையை மெஷினுக்குள் இறக்குவதற்கு அன்றைக்கு மொழியே இல்லாமலிருந்தது. அவர்கள் ஒரு மொழியைச் செய்தார்கள். பட்டியலைப் பட்டியலோடு கோத்துக்கொண்டே போகிற அந்த முறையை ஜானியாக் என்ற மெஷினில் நடக்கவைத்த வேலையில் ஷாவின் பங்கு பெரிது. பட்டியலாகக் கோக்கிற அந்த முறை பிறகு முப்பது, நாற்பது ஆண்டுகள் இந்தத் துறையின் முதுகெலும்பாக இருந்தது. 1975இல் கம்ப்யூட்டர் துறையின் மிகப்பெரிய விருதான டூரிங் விருது நியூவெல்லுக்கும் சைமனுக்கும் கிடைத்தது. விருதுக் குறிப்பில் ஷாவின் பெயர் உண்டு, விருதில் இல்லை. 1978இல் சைமனுக்குப் பொருளாதாரத்துக்கான நோபல். ஷாவை இன்று துறைக்குள் இருக்கிறவர்களே தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இதில் இரண்டு துணுக்குகளை என்னால் மறக்க முடிவதில்லை. மெஷின் தயாராவதற்கு முன் 1956 ஜனவரியில் சைமன் தன் மனைவியையும் பிள்ளைகளையும் மாணவர்களையும் கூட்டி, ஆளுக்கொரு அட்டை கொடுத்து, ப்ரோக்ராமின் பகுதிகளாக நிற்கவைத்து ஓட்டிப் பார்த்தார். 'சிந்திக்கும் மெஷின்' முதலில் ஓடியது மனிதர்களின் உடம்பில். ஒவ்வொருவரும் தன் அட்டையில் உள்ளதை மட்டும் செய்ய வேண்டும், முழுசாக என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டியதில்லை. அடுத்தது: ஒரு தேற்றத்துக்கு அந்த ப்ரோக்ராம் கண்டுபிடித்த நிரூபணத்தை, ப்ரோக்ராமின் பெயரையும் ஆசிரியராகச் சேர்த்து ஒரு தர்க்கவியல் இதழுக்கு அனுப்பினார்கள். இதழ் மறுத்துவிட்டது. மறுத்தது இருக்கட்டும். மெஷினுக்கு ஆசிரியப் பட்டம் கேட்கிற அளவுக்குத் தாராளமாக இருந்த துறை அது.

லாஸ் அலமோஸில் 1955இல் ஃபெர்மி, பாஸ்டா, உலாம் மூவர் பெயரில் வந்த புகழ்பெற்ற அறிக்கைக்கு ப்ரோக்ராம் எழுதியவர் மேரி சிங்கோ என்ற பெண். அவர் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று ஒரு இயற்பியலாளர் 2008இல் எழுதிய பிறகுதான் பலருக்கும் அவரைத் தெரிந்தது. அரை நூற்றாண்டு.

இங்கே அம்பேத்கரிடம் வர வேண்டும். சாதி வேலைகளைப் பிரிக்கிற ஏற்பாடு என்று நியாயப்படுத்தியவர்களுக்கு அவர் 1936இல் சொன்ன பதில் நமக்கெல்லாம் தெரியும்: பிரிக்கப்படுவது வேலை செய்கிற மனிதர்கள், அதுவும் மேல் கீழாக. அமெரிக்காவில் ஷாவுக்கு நடந்தது சாதி அல்ல. அப்படிச் சொன்னால் சாதியைக் குறைத்து மதிப்பிட்டதாகும். ஷாவின் பிள்ளைகள் ப்ரோக்ராமராகத்தான் இருக்க வேண்டும் என்று யாரும் விதிக்கவில்லை. ஆனால் மூளை உயர்ந்தது, கை தாழ்ந்தது என்ற நம்பிக்கை அங்கே ஒரு பழக்கம், இங்கே பிறப்பு. அந்தப் பழக்கம் கப்பலேறி இங்கே வந்ததும் தனக்கென்று தயாராக இருந்த பீடத்தில் உட்கார்ந்துகொண்டது.

எப்படி உட்கார்ந்தது என்பதை அஜந்தா சுப்ரமணியன் சென்னை ஐஐடி பற்றி 2019இல் எழுதிய நூல் காட்டுகிறது. கைவினைச் சாதிகளிடம் இருந்த தொழில்நுட்ப அறிவு, காலனி ஆட்சியின் இன்ஜினியரிங் படிப்பு வழியாக, அதுவரை கருவியைத் தொடாத சாதிகளின் 'தகுதி'யாக மாறிய கதை அது. தொட்டவன் தொழிலாளி ஆனான், தொடாதவன் இன்ஜினியர் ஆனான். 1990இல் மண்டல் அறிக்கையை எதிர்த்துத் தெருவில் செருப்புத் துடைத்துக் காட்டிய மாணவர்கள் எதை இழிவு என்று நினைத்தார்கள் என்று யோசித்தால் போதும்.

கையில் அறிவு இல்லை என்று சொல்கிறவர்கள் பறை காய்ச்சுவதைப் பார்க்க வேண்டும். வைக்கோலைக் கொளுத்தி, தோலை அனலில் காட்டி, விரலால் சுண்டிச் சுண்டிக் கேட்பார்கள். எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம், இன்றைக்கு ஈரக்காற்றா வறண்ட காற்றா என்பதெல்லாம் அந்தச் சுண்டலில் இருக்கிறது. கொஞ்சம் அதிகமானால் தோல் கிழியும், குறைந்தால் சத்தம் சவசவ என்று வரும். சுண்ணாம்பில் ஊறவைத்து மயிர் நீக்கி, ஆவாரம்பட்டையில் பதப்படுத்திய கைகளுக்கு என்ன தெரிந்திருந்தது என்பதை வேதியியல் பாடமாக எழுதினால் ஒரு பருவத்துக்கு வரும். அறிதல் என்பது மண்டைக்குள் மட்டும் நடப்பதில்லை, உடம்பும் சூழலும் சேர்ந்தே அறிகின்றன என்று காக்னிட்டிவ் சயின்ஸ்காரர்களே 1991 வாக்கில் வரேலா முதலானவர்களின் நூல் வழியாகப் பேசத் தொடங்கினார்கள். தாமதமாக வந்தாலும் வரட்டும். அந்தக் கொள்கையைப் பேசுகிற கூடத்திலும் கோடு எழுதுகிறவன் 'உதவி'தான் என்பதுதான் வேடிக்கை.

இதையெல்லாம் ஒரு தோழரிடம் சொன்னபோது அவர் கடிந்துகொண்டார். "மாசச் சம்பளம் வாங்கிகினு ஏசி ரூம்ல குந்திகினு கீற. மலக்குழியில எறங்கிச் சாவறவன் பேரை எவன் போடறான்? உனுக்குப் பேப்பர்ல பேரு வேணுமா?"

நியாயமான அடி. மலக்குழியில் ஆளை இறக்குவதைத் தடைசெய்து 2013இல் சட்டம் வந்த பிறகும் சாவு நிற்கவில்லை. அதற்குப் பக்கத்தில் நன்றியுரையில் பெயர் இல்லை என்ற வருத்தத்தை வைக்கவே கூசுகிறது. வைக்கவும் இல்லை. ஆனால் தோழரின் கேள்வி வேறொரு பக்கம் என்னைத் திருப்பியது. எனக்கு மேலே யார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே யார்?

செயற்கை அறிவு படம் பார்த்துப் பொருள் சொல்லக் கற்றது 2009இல் வெளியான இமேஜ்நெட் தொகுப்பை வைத்து. 1 கோடியே 40 லட்சம் படங்கள் வரை அது வளர்ந்தது. ஒவ்வொன்றிலும் இது நாய், இது நாற்காலி என்று பெயர் ஒட்டியவர்கள் 167 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 50,000 பேர். அவர்களுக்கு வேலை பங்கிட்ட அமேசான் சேவைக்கு 2005இல் வைத்த பெயர் மெக்கானிக்கல் டர்க். 1770இல் ஐரோப்பாவில் சதுரங்கம் ஆடிய 'மெஷின்' ஒன்று இருந்தது, உள்ளே ஒரு மனிதன் ஒளிந்திருந்தான். அந்த மோசடி மெஷினின் பெயரையே கூச்சமில்லாமல் வைத்தார்கள். இன்று தமிழ்ப் பேச்சைக் கேட்டு எழுதுகிற, படத்துக்குக் கட்டம் போடுகிற வேலை நம் ஊர்ப் பெண்களுக்கும் வந்திருக்கிறது. கிடைத்தவரை நல்லதுதான், வெயிலில் நாற்று நடுவதைவிட உடம்புக்குக் கஷ்டம் குறைவு.

அந்தப் பெண்கள் உட்கார்கிற திரையை எழுதுகிறவன் என்னைப் போன்ற ஒருவன். ஒரு மணிக்கு எத்தனை, எத்தனை தவறு, எவ்வளவு நேரம் கை ஓயாமல் இருந்தது என்று கணக்கெடுக்கிற வரியும் அந்தத் திரையின் பின்னால்தான் இருக்கும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலும் மலேயா ரப்பர் தோட்டத்திலும் இந்த வேலைக்குக் கங்காணி என்று பெயர். கங்காணியும் பெரும்பாலும் கூலிகளின் ஊர்க்காரன்தான், சிலசமயம் உறவுக்காரன். படிக்கட்டு போல அடுக்கப்பட்ட அசமத்துவத்தில் ஒவ்வொரு படியில் இருப்பவனுக்கும் கீழே ஒருவன் கிடைக்கிறான், அதனாலேயே படிக்கட்டு இடியாமல் நிற்கிறது என்று அம்பேத்கர் காட்டிய இடத்தில் இப்போது ஒரு கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார்கள்.

ஆகவே 'நான் வெறும் கை' என்ற வாதத்தை நான் ஏற்க மாட்டேன். ஆய்வாளர் சொன்னாலும் ஏற்க மாட்டேன், எனக்கு நானே சொல்லிக்கொள்வதையும் ஏற்க மாட்டேன். கோட்டில் அறிவு இருக்கிறது என்று நான் உரிமை கேட்டால், கோடு செய்கிற அநியாயத்திலும் என் அறிவு இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றை விட முடியாது. இது சுலபமான நிலைப்பாடு இல்லை. ஒப்பந்த வேலையில் இருப்பவன், வீட்டில் நாலு வயிறு இருப்பவன், பட்டியலில் உள்ள சொல்லுக்காகச் சண்டை போட்டு வேலையை விட வேண்டும் என்று நான் யாருக்கும் உபதேசம் செய்யப் போவதில்லை. முழுப் பொறுப்பும் அவனுடையது என்றும் சொல்லவில்லை. எவ்வளவு அதிகாரமோ அவ்வளவு பொறுப்பு. ஆனால் 'கை'க்கு அதிகாரமே இல்லை என்பது பொய். பட்டியலைப் படிக்கிற அதிகாரம் இருந்தது. வாயைத் திறக்கிற அதிகாரம் இருந்தது. எழுதி வைக்கிற அதிகாரம் இருந்தது.

'கை' என்று சொல்கிறவர்களும் அதை முழுசாக நம்புவதில்லை. முடிவுகள் நன்றாக வந்தால் அது கோட்பாட்டின் வெற்றி. ஏடாகூடமாக வந்தால் முதலில் எழுகிற வாக்கியம்: "ப்ரோக்ராம்ல ஏதோ தப்பு." ப்ரோக்ராமர்கள் தங்கள் கோடைச் சேமித்து வைக்க கிட் என்ற கருவியைப் பயன்படுத்துகிறார்கள், 2005இல் லைனஸ் டோர்வால்ட்ஸ் எழுதியது. அதில் ஒரு கட்டளை உண்டு. கோடின் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அதை எழுதியவர் பெயர், தேதி, மணி எல்லாவற்றையும் காட்டும். அந்தக் கட்டளையின் பெயர் 'பிளேம்'. பழி. ஆராய்ச்சிக் கட்டுரையில் இல்லாத என் பெயர் அங்கே வரிக்கு வரி இருக்கிறது.

ஒரு நிலைமாற்றத்தையும் சொல்ல வேண்டும். 2012இல் இங்கிலாந்தில் சிலர் கூடி, ஆராய்ச்சிக்கு ப்ரோக்ராம் எழுதுகிறவர்களுக்கு 'ரிசர்ச் சாஃப்ட்வேர் இன்ஜினியர்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். பதவி, பதவி உயர்வு, கட்டுரையில் பெயர், எழுதிய மென்பொருளையே மேற்கோள் காட்டும் வழக்கம் என்று கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். நம் ஊரில் அந்தப் பெயர் வந்தால் யாருக்குப் போய்ச் சேரும் என்பது என் சந்தேகம். 'இன்ஜினியர்' என்ற பலகை மேலே மாட்டப்படும்போதெல்லாம் கீழே புதிதாக ஒரு 'உதவி' முளைத்திருக்கிறது.

இதற்கிடையில் இன்னொரு கூத்து. 1985இல் ரிக் பிரிக்ஸ் என்பவர், நாசாவின் ஆய்வு மையம் ஒன்றில் இருந்தபடி, செயற்கை அறிவு இதழில் ஒரு கட்டுரை எழுதினார். சமஸ்கிருத இலக்கணக்காரர்கள் வாக்கியத்தைப் பிரித்த விதமும் செயற்கை அறிவில் பொருளைக் குறிக்கிற வலைப்பின்னல் முறையும் ஒத்திருக்கின்றன என்பது அவர் வாதம். தனி ஒருவரின் கட்டுரை. அதை 'கம்ப்யூட்டருக்கு ஏற்ற மொழி சமஸ்கிருதம்தான் என்று நாசாவே சொல்லிவிட்டது' என்று ஆக்கி நாற்பது ஆண்டுகளாக மேடைதோறும் ஓதிக்கொண்டிருக்கிறார்கள். நாம் கேட்கவே கூடாது என்று காதை அடைத்த மொழி மெஷினுக்கு உகந்ததாம். நாம் பேசுகிற மொழி மெஷினுக்குப் பொருளற்றதாம். இரண்டும் ஒரே பட்டியல்தான், இரண்டு முனையிலிருந்து படிக்கிறார்கள்.

இன்றைய பெரிய மொழி மெஷின்கள் எவனோ எழுதிய அகராதியை வைத்துச் சலிப்பதில்லை, எழுதப்பட்டது எல்லாவற்றையும் விழுங்குகின்றன, ஆகவே இந்தப் பிரச்சினை போய்விட்டது என்கிறார்கள். எழுதியவர்கள் யார்? 2023இல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் சாதி, மதம் பற்றிய வார்ப்புரு வாக்கியங்களைத் தொகுத்து 'இந்தியன்-பேத்' என்று பெயரிட்டு மெஷின்களைச் சோதித்தார்கள். பெரும்பாலானவை ஊர் சொல்கிற அதே சாதி வார்ப்பைத்தான் தேர்ந்தெடுத்தன. ஊர் எழுதியதைத் தின்றது ஊரைப் போலத்தானே பேசும். அதைத் திருத்துகிறேன் என்று உட்கார்கிறவர்கள் 'சிக்கலான உருப்படிகளை நீக்கு' என்ற பழைய வழியில் போனால், மெஷின் நம்மை இழிவாகப் பேசாது. நம்மைப் பற்றிப் பேசவே பேசாது.

வேறு வழி இருக்கிறது. பேச்சைச் சேகரிக்கிற திட்டங்கள் சிலவற்றில், பேசியபடி ஒரு வரி, எழுத்து வழக்கில் இன்னொரு வரி என்று இரண்டையும் வைக்கிறார்கள். செலவு அதிகம், நேரம் அதிகம், கோடு இரட்டிப்பு. வூடு அங்கே வூடாக இருக்கும், பக்கத்தில் வீடும் இருக்கும். எந்த வரியை 'சரி' என்று மெஷினுக்குக் கற்றுக்கொடுப்பது என்பதை எவரோ ஒருவர் ஒரு கோப்பில் ஒரு வரியாக எழுதுவார். அநேகமாக அவர் ஒரு 'உதவியாளர்'.

இதைப் படிக்கிற மாணவர்களில் சிலர் இப்படிப்பட்ட இடங்களில் வேலைக்குப் போவீர்கள், போயிருப்பீர்கள். பட்டியலைப் படியுங்கள். எங்கள் திட்டத்தில் அந்த இரண்டு சொற்களை எடுத்தபோது, கிட்டில் மாற்றத்துக்கான காரணத்தை எழுத ஒரு கட்டம் உண்டு, வழக்கமாக 'சிறு திருத்தம்' என்று எழுதிவிட்டுப் போவார்கள். நான் தமிழிலேயே எழுதினேன்: வூடு, கீது இரண்டும் புதுச்சேரி, கடலூர், விழுப்புரம் பக்கத்துச் சேரிகளில் தினமும் புழங்கும் சொற்கள், முன்னோட்டத்தில் ஒருவர் 'சொல்' என்று சரியாகவே அழுத்தினார், மேலிடத்து முடிவுப்படி நீக்கப்படுகின்றன, சொற்கள் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று நான் சொன்னது ஏற்கப்படவில்லை. கீழே பெயர், தேதி, மணி. அதை மெஷின் தானாகவே போட்டுக்கொண்டது.

கட்டுரை வெளியான பிறகு வெளிநாட்டிலிருந்து ஒரு மாணவி அந்தக் கோடைக் கேட்டு எழுதியிருந்ததாகக் கேள்விப்பட்டேன். முழுசாக அனுப்பியிருக்கிறார்கள், குறிப்புகளோடு. அவருக்குத் தமிழ் படிக்க வருமா என்று தெரியவில்லை.